நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமா?

ஓய்வு பெறும் நாள் நெருங்க நெருங்க, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ்களில் பேச்சு ஒரு விஷயத்தையே சுற்றிச் சுற்றி வரும். கிராஜுவிட்டி வரும், சேமநிதி வரும். அதை வைத்துக்கொண்டு ஊரில் என்ன செய்வது? ஏழாவது ஸெக்டர் மலை மந்திரில் சுவாமிநாதனைத் தரிசித்துவிட்டுப் படி இறங்குகிறவர்களும், தமிழ்ச் சங்கத்தில் கூட்டம் முடிந்து வாசலில் நின்று பேசுகிறவர்களும் இதைத்தான் பேசுவார்கள். ஒருவர் வீடு கட்டுவேன் என்பார். இன்னொருவர் பாங்கில் போட்டுவிட்டு வட்டியில் காலம் தள்ளுவேன் என்பார்.

போடி, கொடைக்கானல் கீழ்மலை, ஏற்காடு, கொல்லிமலை, ஜவ்வாதுமலைப் பக்கங்களிலிருந்து வந்தவர்களுக்கு வேறொரு யோசனையும் உண்டு. ஒரு பிக்-அப் வண்டி வாங்கிவிட்டால் காப்பி, மிளகு, வாழைத்தார் என்று ஏற்றி இறக்கிப் பிழைத்துக்கொள்ளலாம். சொந்தத் தோட்டம் கொஞ்சம் இருந்தால் இன்னும் நல்லது.

யோசனை நல்லதுதான். ஆனால் மலைத் தோட்டத்துப் பாதை தார் ரோடு அல்ல. மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் உருளும் கல். அங்கே ஓட நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி வேண்டும் என்பார்கள். அப்படித் தொழிற்சாலையிலிருந்தே வரும் வண்டிக்கு விலை அதிகம். பின்சக்கரம் மட்டும் தள்ளும் பழைய பிக்-அப்போ டில்லி வட்டாரத்தில் மலிவாகக் கிடைக்கிறது. இந்தச் சமயத்தில்தான் யாராவது ஒரு மெக்கானிக், "மலிவு வண்டியை வாங்குங்கள், முன்னால் ஒரு அச்சைப் பொருத்தினால் நாலு சக்கரமும் இழுக்கும், ஒரு வாரம் போதும்" என்று ஆசை காட்டுவார்.

இது முடியுமா? யந்திர ரீதியில் முடியும். ஆனால் வாழ்நாள் சேமிப்பைப் போட்டுச் செய்யத் தக்க காரியமா என்பது வேறு கேள்வி. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இரண்டுக்கும் விடை தெரிந்திருப்பது நல்லது.

சக்தி போகும் பாதை

சாதாரண பிக்-அப்பில் எஞ்சினின் சக்தி கிளட்ச் வழியாகக் கியர் பெட்டிக்கு வருகிறது. அங்கிருந்து நீளமான புரொபெல்லர் ஷாப்ட் அதைப் பின் அச்சுக்குக் கொண்டு போகிறது. பின் அச்சின் நடுவில் உள்ள கிரவுனும் பினியனும் அதை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கின்றன. முன்சக்கரங்களுக்கு இதில் பங்கு இல்லை. அவை பாரத்தைத் தாங்கும், ஸ்டியரிங் திருப்பினால் திரும்பும், அவ்வளவுதான்.

பிக்-அப் வண்டிக்கு ஒரு குறை உண்டு. எஞ்சினின் கனம் முன்பக்கம். பின்னால் பாரம் இல்லாதபோது பின்சக்கரங்களின் மேல் கனம் குறைவு. ஆகவே சேற்றில் அவை வீணாகச் சுழலும். அன்றியும், சாதாரண டிபரன்ஷியல் எந்தச் சக்கரம் எளிதாகச் சுழல்கிறதோ அதைச் சுழலவிட்டுவிடும். ஒரு பின்சக்கரம் சேற்றில் வழுக்கினால் மற்றது சும்மா நிற்கும்; வண்டி நகராது. முன்சக்கரங்களும் இழுத்தால் இந்தச் சங்கடம் பெருமளவு குறையும். மாற்றிக்கொள்ளும் ஆசைக்குக் காரணம் இதுதான்.

என்னென்ன வேண்டும்?

முதலில் வேண்டியது டிரான்ஸ்பர் கேஸ் என்னும் இரண்டாவது கியர் பெட்டி. கியர் பெட்டியிலிருந்து வரும் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கிடுவது இதன் வேலை. பெரும்பாலும் இதில் 'ஹை', 'லோ' என்று இரண்டு நிலைகள் இருக்கும். பழைய சிவிலியன் ஜீப்புகளில் 'லோ' போட்டால் இழுவை ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். வேகம் அந்த அளவுக்குக் குறையும். உண்மையில் செங்குத்தான ஏற்றத்தில் வண்டியைக் காப்பாற்றுவது முன்சக்கர இழுவையைவிட இந்த 'லோ' கியர்தான். இறக்கத்திலும் பிரேக்கைக் காயவிடாமல் எஞ்சினைக் கொண்டே வண்டியை அடக்கி இறக்க இது உதவும்.

அடுத்தது முன் அச்சு. வெறும் இரும்புச் சட்டம் இங்கே உதவாது. உள்ளே கிரவுனும் பினியனும் இருக்க வேண்டும். சக்கரம் இடமும் வலமும் திரும்பிக்கொண்டிருக்கும்போதே சக்தியும் தடையின்றிப் போக வேண்டும்; ஆகவே இரு முனையிலும் தனி வகை ஜாயின்டுகள் வேண்டும். முன் அச்சின் விலையும் தொல்லையும் பெரும்பாலும் இந்த முனைகளில்தான் இருக்கின்றன.

மூன்றாவது, டிரான்ஸ்பர் கேஸிலிருந்து முன் அச்சுக்குப் போக ஒரு ஷாப்ட். நடுவில் புதிதாக ஒரு பெட்டி வந்து உட்காருவதால் பின்னால் போகும் பழைய ஷாப்டின் நீளமும் மாறும். அதைக் குறைத்து, லேத்தில் சரி பார்த்து, பாலன்ஸ் செய்ய வேண்டும். கோணம் தவறினால் யூ-ஜாயின்ட் சில மாதங்களில் தேய்ந்துவிடும். வண்டி வேகம் பிடிக்கும்போது உடம்பெல்லாம் அதிரும்.

இத்துடன் முடிவதில்லை. புதிய முன் அச்சின் கிரவுன் பகுதி எஞ்சின் சம்ப்பில் இடிக்காமலிருக்க வண்டியின் முன்பக்கத்தை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் ஸ்டியரிங் தண்டுகளின் கோணம் மாறும். பிரேக் ஹோஸ்கள் நீளம் போதாமல் இழுபடும். இன்றைய பிக்-அப்களில் பலவற்றில் முன்பக்கம் பட்டை ஸ்பிரிங்கே இல்லை. இரு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு. அதில் ஜீப் அச்சைப் பொருத்த வேண்டுமானால் சேஸிஸையே வெட்டி ஒட்ட வேண்டும். சேர்க்கும் இரும்பின் கனம் நூறு கிலோவைத் தாண்டும். ஏற்றக்கூடிய சரக்கில் அது கழிந்துபோகும்.

எண்கள் ஒத்துப்போக வேண்டும்

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முன் அச்சும் பின் அச்சும் ஒரே விகிதத்தில் சுழல வேண்டும். பழைய ஜீப்புகளையே உதாரணமாகக் கொள்ளலாம். போர்க்கால ஜீப்பின் கிரவுனில் 39 பல், பினியனில் 8 பல், விகிதம் 4.88. பின்னால் வந்த சிவிலியன் ஜீப்பில் 43 பல்லுக்கு 8 பல்; விகிதம் 5.38. இரண்டும் வெளிப் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். பழைய இரும்புக் கடையில் எது கிடைத்ததோ அதை வாங்கி, பின்னால் 39 பல் கிரவுனும் முன்னால் 43 பல் கிரவுனுமாகப் பொருத்திவிட்டால் என்ன ஆகும்?

பின்சக்கரம் 100 மீட்டர் போகும்போது முன்சக்கரம் சுமார் 91 மீட்டர் போகும் அளவுக்குத்தான் சுழலும். வண்டி ஒன்றுதான், ஆகவே மிச்சம் 9 மீட்டரை ஏதோ ஒரு டயர் தேய்த்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். சேற்றில் டயர் வழுக்கிக் கொடுத்துவிடும். கெட்டித் தரையில் வழுக்க இடமில்லை. முறுக்கு முழுவதும் ஷாப்டிலும் பற்சக்கரங்களிலும் ஏறி, பலவீனமான இடத்தில் உடையும். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர் மாட்டினாலும் இதே கதைதான்.

விகிதம் சரியாக இருந்தாலும் ஒரு விதி உண்டு. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அகலமான வட்டத்தில் போகின்றன. அதனால் இந்த வகை வண்டிகளில் காய்ந்த தார் ரோட்டில் நாலு சக்கர இயக்கத்தைப் போட்டு ஓட்டக் கூடாது. சேறு, மணல், ஈரக் கல் வந்தால் போட வேண்டும். தார் வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

மற்றொரு பொருத்தமும் பார்க்க வேண்டும். வில்லிஸ் வகை ஜீப்புகளில் முன், பின் ஷாப்டுகள் இரண்டும் நடுவில் இல்லை, வலப்பக்கம் தள்ளியிருக்கும். இரண்டு அச்சுகளின் கிரவுன்களும் அதே பக்கத்தில் இருக்கும். ஆனால் பிக்-அப் வண்டியின் பின் அச்சில் கிரவுன் பெரும்பாலும் நடுவில் இருக்கும். ஜீப்பின் டிரான்ஸ்பர் கேஸை எடுத்துப் பிக்-அப்பில் மாட்டினால் ஷாப்ட் நேராக வராது என்பதை முதலிலேயே யோசிக்காதவர்கள், வாங்கிய இரும்பை மறுபடி இரும்புக் கடையிலேயே போட வேண்டியதாகும்.

அமெரிக்காவில் நடந்தது

இந்தத் தொழில் புதிதல்ல. அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் 1931இல் தொடங்கிய மார்மன்-ஹெரிங்டன் கம்பெனி, போர்டு லாரிகளையும் பிக்-அப்களையும் வாங்கி நாலு சக்கர இயக்கமாக மாற்றி விற்றுப் பெயர் பெற்றது. 1950களில் மின்னியாபொலிஸில் இருந்த நாப்கோ கம்பெனி, ஷெவர்லே, ஜி.எம்.சி. பிக்-அப்களுக்கென்றே ஒரு தொகுதியைத் தயாரித்தது. முன் அச்சு, டிரான்ஸ்பர் கேஸ், ஷாப்டுகள் என எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி அளவெடுத்துச் செய்யப்பட்டவை.

பின்னர் நடந்தது கவனத்துக்குரியது. 1957இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியே அந்தச் சாமான்களைத் தன் தொழிற்சாலையில் பொருத்தி விற்கத் தொடங்கியது. 1959இல் போர்டு தானே நாலு சக்கர பிக்-அப் தயாரித்தது. 1960இல் ஜெனரல் மோட்டார்ஸும் தன் சொந்த அமைப்புக்கு மாறிக்கொண்டது. மாற்றித் தரும் தொழிலுக்கு அவசியம் குறைந்துபோயிற்று. சாமான்களெல்லாம் ஒரே கையில் அளவெடுத்துச் செய்யப்பட்ட நாட்டிலேயே, இந்த வேலை கடைசியில் தொழிற்சாலைக்குள் போய்ச் சேர்ந்தது.

நம் நாட்டு ஜீப்

நம் நாட்டில் மஹீந்திரா கம்பெனி 1940களின் கடைசியிலிருந்து வில்லிஸ் ஜீப்புகளை இணைத்து விற்றது. பின்னாளில் அதே வகை ஜீப்புகள் இரண்டு சக்கர இயக்கத்திலும், நாலு சக்கர இயக்கத்திலும் விற்பனைக்கு வந்தன. சமவெளியில் ஓட்டுகிறவர்கள் விலை குறைந்ததை வாங்கினார்கள். இப்படி வந்த ஜீப்பை மாற்றுவது ஓரளவு எளிது. ஒரே கம்பெனி, ஒரே மாதிரி சேஸிஸ், அதே பட்டை ஸ்பிரிங். கம்பெனியின் அச்சு அதன் இடத்தில் போய் உட்காரும். "ஒரு வாரம் போதும்" என்று மெக்கானிக்குகள் சொல்வது பெரும்பாலும் இந்த ஜீப் அனுபவத்தை வைத்துத்தான். அதே பேச்சைப் பிக்-அப்புக்கும் நீட்டும்போதுதான் வாங்குகிறவர் கஷ்டத்துக்கு உள்ளாகிறார்.

தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் ஏறியவர்களுக்கு, நாலு சக்கர இயக்கத்தின் அருமை தெரியும். கற்கள் நிறைந்த அந்தப் பாதையில் ஒரு ஜாயின்ட் உடைந்தால் பழுது பார்ப்பது அடுத்த கவலை. வண்டி எந்தப் பக்கம் உருளும் என்பதே முதல் கவலை. முன் அச்சு இழுவைக்கு மட்டுமல்ல, ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் ஆதாரம். அதில் வெல்டிங் விட்டுப்போனால் போவது வண்டி மட்டுமல்ல.

ஆர்.கே.புரத்திலேயே ஒரு வழி

முன்னாள் படைவீரர்களுக்கு வேறொரு வழியும் இருந்துவந்திருக்கிறது. ஆர்.கே.புரம் வெஸ்ட் பிளாக் நான்கில் படைவீரர் மறுவாழ்வு இயக்குநரகம் இருப்பது டில்லித் தமிழர்களில் பலருக்குத் தெரியும். கேந்திரிய ஸைனிக் போர்டும் அதே கட்டடத்தில்தான். ராணுவம் உபயோகித்துக் கழித்த 'ஐந்து-பி' வகுப்பு வண்டிகளை முன்னாள் படைவீரர்களுக்கும், பணியில் இறந்த வீரர்களின் மனைவியருக்கும் ஒதுக்கும் திட்டத்துக்கு இந்த இயக்குநரகத்தின் மூலமாகவே விண்ணப்பிக்கும் ஏற்பாடு உண்டு.

ராணுவம் கழித்த வண்டிகளில் புகழ் பெற்றது ஜோங்கா. நிஸ்ஸான் பேட்ரோல் வண்டியை அடிப்படையாகக் கொண்டு ஜபல்பூரில் செய்யப்பட்டது. 1999 வரை தயாரானது. ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன்கேரேஜ் அசெம்ப்ளி என்பதன் முதலெழுத்துகளே அதன் பெயர். பிறவியிலேயே நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. வெட்டல், ஒட்டல் எதுவும் வேண்டியதில்லை. ஆனால் ஏறக்குறைய நாலு லிட்டர் அளவுள்ள பெட்ரோல் எஞ்சின். குடிக்கும் பெட்ரோலுக்குச் சரக்கு வாடகை கட்டுப்படியாகாது. உதிரி பாகம் தேடி அலையவும் வேண்டும். ஆசைக்கு வைத்துக்கொள்ளலாம், பிழைப்புக்கு ஆகாது.

சட்டம் சொல்வது

யந்திரம் ஒத்துப்போனாலும் காகிதம் ஒத்துப்போக வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9ஆம் தேதி, கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. எரிபொருள் மாற்றம், அனுமதி பெற்று அதே வகை எஞ்சின் மாற்றுவது போன்ற சிலவற்றுக்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. பட்டறையில் முன் அச்சு சேர்ப்பது அந்த வரிசையில் இல்லை.

2019 செப்டம்பர் முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

டில்லி வண்டியை ஊருக்குக் கொண்டுபோகிறவருக்கு இது உடனே தலைவலியாகும். இங்குள்ள பதிவு அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வண்டி இருந்தால் அங்கே புதிய பதிவு எண் பெற வேண்டும். அங்கே இன்ஸ்பெக்டர் வண்டியைக் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். காகிதத்தில் இல்லாத அச்சு கண்ணில் பட்டால் வண்டி அங்கேயே நிற்கும். சரக்கு வண்டியானால் தகுதிச் சான்று புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் இந்தப் பயம் உண்டு. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக் கம்பெனியும் இதே கேள்வியைக் கேட்கும்.

இங்கே பழைய வண்டி மலிவாகக் கிடைப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. தேசியத் தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை, 2018 அக்டோபர் 29இல் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. 2025இல் விஷயம் மறுபடியும் அதே நீதிமன்றத்தின் முன் வந்து சில மாற்றங்கள் கண்டது. ஆகவே வாங்கும் தேதியில் விதி எப்படி இருக்கிறது என்பதைப் பதிவு அலுவலகத்தில் நேரில் கேட்டறிவதே உத்தமம். தரகர் வாய்மொழி போதாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

பழைய பிக்-அப்பின் விலை, முன் அச்சு, டிரான்ஸ்பர் கேஸ், ஷாப்ட் வேலை, பட்டை, ஸ்டியரிங், பிரேக், கூலி என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தால், தொழிற்சாலையில் செய்த பழைய நாலு சக்கர வண்டி ஒன்றின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கக் கூடும். அதில் கையில் இருப்பது காகிதம் சரியாக உள்ள வண்டி. இதில் காகிதம் இல்லாத வண்டி. மஹீந்திரா கம்பெனி பொலிரோ வகைப் பிக்-அப்களை நாலு சக்கர இயக்கத்திலும் விற்றிருக்கிறது. சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீசிட்டியில் இஸுஸு கம்பெனி 2016 முதல் இரண்டு வகைப் பிக்-அப்களையும் செய்து வந்திருக்கிறது. தேடினால் பழைய வண்டிகள் அகப்படும்.

உண்மையில் நாலு சக்கர இயக்கம் தேவைதானா என்பதையும் யோசிக்க வேண்டும். பின்னால் பாரம் ஏற்றிய பிக்-அப், காய்ந்த மலைப்பாதையில் நன்றாகவே ஏறும். பாதையில் மோசமான இடம் ஒன்றிரண்டுதான் என்றால், ஆழமான பட்டன் உள்ள நல்ல டயர், காலி வண்டியில் பின்னால் இரண்டு மூட்டை மணல், கூட ஒரு மண்வெட்டி, இரண்டு பலகை, இழுவைக் கயிறு ஆகியவற்றுடன் காரியம் நடக்கும். ஒரு சக்கரம் வழுக்கும்போது தானே பூட்டிக்கொள்ளும் டிபரன்ஷியலைச் சில வண்டிகளில் கம்பெனியே பின் அச்சில் வைத்து விற்கிறது. அதுவும் பாதித் தொல்லையைத் தீர்க்கும். வருஷத்தில் பாதி நாள் சேற்றில் ஓட வேண்டியவருக்கு மட்டுமே நாலு சக்கரம் தவிர்க்க முடியாதது. அவர் அதைக் கம்பெனி வண்டியாகவே வாங்குவது நல்லது.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். ஓட வேண்டிய பாதை எத்தனை நாள் சேறாக இருக்கும்? வண்டியின் காகிதம் ஊர் இன்ஸ்பெக்டர் முன் நிற்குமா? மெக்கானிக் சொல்லும் வேலையை இதே மாதிரி வண்டியில் அவர் முன்பே செய்து, அது மலையில் ஒரு மழைக்காலம் ஓடியிருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு வண்டியையே காட்டச் சொல்ல வேண்டும். பேச்சைக் கேட்டுத் திருப்திப்படக் கூடாது.

முப்பது, முப்பத்தைந்து வருஷம் பைல் புரட்டிச் சேர்த்த பணம் அது. ஒரு தாளில் கணக்கெழுதிப் பார்க்கவும், பதிவு அலுவலகம் வரை ஒரு நடை போய்வரவும் ஒரு நாள் லீவு போட்டால் போதும்.